தச்சுப்பட்டறைத் தரைக்குள்ள சுடுதண்ணிக் குழாய்: நம்ம ஊர் மழைக்கு ஆகுமா?

வேர்க்கிளம்பித் தச்சன்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு கன்னியாகுமரி ஜில்லா, வேர்க்கிளம்பி பக்கம். வீட்டுக்குப் பின்னால 20க்கு 15 அடியில புதுசா ஒரு பட்டறை கெட்டிட்டு இருக்கேன். வெட்டுக்கல் சுவர், மேல ஓடு. தரை மட்டும் பாக்கி. மண்ணு நிரப்பி, தண்ணி விட்டு இடிச்சுப் போட்டிருக்கு. 12 நாள்ல காங்கிரீட் போட வாறேன்னு கொத்தனார் சொல்லியிருக்கார். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும், அதான் இங்க கேக்கேன்.

விசயம் இதுதான். போன ஐப்பசியில ஒரு சாப்பாட்டு மேசை செஞ்சேன். பிலா மரம், மேல்பலகை 3 அடி அகலம், நாலு பலகையை ஒட்டி எடுத்தது. நல்ல மஞ்சள் நிறம், இழைச்சு முடிச்சப்போ எனக்கே குடுக்க மனசு வரல. மதுரையில ஒரு வீட்டுக்குப் போச்சு. அங்க ஏசி ரூம்ல போட்டாங்க. பங்குனி முதல் வாரம் போன் வருது, "ஆசாரியாரே, மேசை வெடிச்சுப் போச்சு"ன்னு. போட்டோ பாத்தேன். நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு விரல் நுழையுற வெடிப்பு. மரம் வாங்கி ரெண்டு வருசம் பழைய பட்டறையில அடுக்கிப் போட்டிருந்தது, பச்சை மரம் இல்ல. ஆனா நம்ம பக்கம் வைகாசி நடுவுல தொடங்குற இடவப்பாதி மழை ஒரு வாட்டி, ஐப்பசி மழை ஒரு வாட்டின்னு வருசத்துல பாதி நாள் ஈரம். பழைய பட்டறையில மூணு நாள் விடாம பெஞ்சா பிளேனர் மேடை துரு புடிச்சுப் போகும். உளிக்கு எண்ணெய் தடவியே ஒரு பாட்டில் தீந்துரும்.

என் மச்சினன் கனடாவுல கால்கரியில இருக்கான். அவனும் கார் ஷெட்டுல மரவேலை செய்யுதான், பொழுதுபோக்குக்கு. வீடியோ கால்ல காட்டுனான். வெளிய முழங்கால் அளவு பனி. இவன் உள்ள வெறுங்காலோட நிக்கான். தரைக்குள்ள பிளாஸ்டிக் குழாய் ஓடுது, அதுல சுடுதண்ணி சுத்துது, தரையே வெதுவெதுன்னு இருக்கும்னான். "அத்தான், நீரும் இதைப் போடும், மரம் எப்பவும் காஞ்சு கெடக்கும், உம்ம மொட்டைமாடி மட்டுப்பாவுலதான் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் சும்மா கெடக்கே"ன்னு சொல்லுதான்.

சொன்னதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. காங்கிரீட் போட்ட பிறகு யோசிச்சுப் பிரயோசனம் இல்லல்லா. குழாய் எவ்வளவு இடைவெளியில போடணும், சோலார் தண்ணியை நேரா விடலாமா, நம்ம ஊர்ல யாராவது போட்டிருக்கேளா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடசேரிக்காரன்:

ஓய், கன்னியாகுமரி ஜில்லாவுல தரைக்கு ஹீட்டரா? சித்திரை மாசம் மத்தியானம் 2 மணிக்கு உம்ம மட்டுப்பாவுல செருப்பு இல்லாம நாலு எட்டு நடந்து பாரும். காசு மிச்சம்.

எட்மன்டன் கருங்கல்காரன்:

அண்ணே, கிண்டலை விடுங்க, கேள்வி நியாயமான கேள்விதான். நான் கருங்கல் ஊர்க்காரன், இப்போ எட்மன்டனில் 14 வருஷமா இருக்கேன். உங்க மச்சினன் சொன்ன அதே அமைப்பு என் ஷெட்டிலும் இருக்கு. நானே ஆள் வெச்சு, கூட நின்னு போட்டது. முதல்ல இங்க எப்படிப் போடுறோம்னு சொல்லிடறேன், அப்புறம் என் அபிப்பிராயம்.

தரை தோண்டி, ஜல்லி நிரப்பி இடிச்சு, அதுக்கு மேல பாலித்தீன் ஷீட். அதுக்கு மேல 2 இஞ்சு கனத்துக்கு எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை. இந்த ஃபோம்தான் உயிர். இது இல்லேன்னா நீங்க கொடுக்குற சூட்டை மண்ணு குடிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்லாபின் நாலு ஓரத்திலும் இதே ஃபோம் நிக்கணும், ஓரம் வழியாத்தான் நிறைய சூடு ஓடிப்போகும். அதுக்கு மேல கம்பி வலை. வலையில அரை இஞ்சு பெக்ஸ்ங்கற பிளாஸ்டிக் குழாயைக் கட்டுக் கம்பியால கட்டுவோம். ஆக்ஸிஜன் உள்ளே போகாத தடுப்பு உள்ள குழாயா பாத்து வாங்கணும், இல்லேன்னா பம்பும் மத்த இரும்புச் சாமானும் உள்ளேயே துரு பிடிக்கும். நடுவுல ஒரு அடி இடைவெளி, வாசல் பக்கம் 6 இஞ்சு, 8 இஞ்சு. அரை இஞ்சு குழாயில ஒரு சுத்து 300 அடிக்கு மேல போகக் கூடாது, போனா தண்ணி கடைசிக்கு வரும்போதே ஆறிப்போகும். உங்க 300 சதுர அடிக்கு ஒரு அடி இடைவெளின்னா மொத்தம் 300 அடிதான் வரும், அதையும் ரெண்டு சுத்தாப் பிரிக்கிறது நல்லது. காங்கிரீட் ஊத்தும்போது குழாய்க்குள்ள காத்து அடிச்சு, பிரஷர் மீட்டரைப் பாத்துக்கிட்டே ஊத்தணும். கொத்தனாரோட மண்வெட்டி ஒரு இடத்துல பட்டா முள் அப்பவே இறங்கும். நான் ஒரு ஆளை மீட்டர் பக்கத்துலயே நிக்க வெச்சேன். ஊத்துறதுக்கு முன்னாடி டேப் போட்டு அளந்து போட்டோ எடுத்து வெச்சுக்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு பேண்ட்சா ரம்ப மிஷினுக்கு போல்ட் அடிக்கத் தரையில ஓட்டை போடும்போது அந்தப் போட்டோதான் தெய்வம்.

ஓடுற தண்ணி 35லேருந்து 45 டிகிரி போதும். மனுஷங்க நிக்கிற தரை 29 டிகிரிக்கு மேல போகக் கூடாதுங்கறது ஐரோப்பாக்காரங்க வெச்சிருக்கிற அளவு. மெதுவான சாமான் இது. வெள்ளிக்கிழமை போட்டா சனிக்கிழமைதான் சூடு தெரியும்.

இப்போ என் அபிப்பிராயம். இங்க வெளிய மைனஸ் 25. உள்ள 16 டிகிரி இருந்தாத்தான் பசை பிடிக்கும், விரல் மடங்கும். அதுக்காகப் போட்டது. மரம் காயறதுக்காக இல்லை. சொல்லப்போனா எங்க பிரச்சினை உங்களுக்கு நேர் எதிர். குளிர்காலத்துல உள்ள காத்தோட ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்குப் போயிடும். மரம் கருவாடா ஆகும். நான் தண்ணி ஆவி விடுற மிஷின் வெச்சு ஈரத்தை ஏத்திக்கிட்டு இருக்கேன்! உங்க மச்சினன் காலுக்கு இருக்கிற சுகத்தைச் சொல்லியிருக்கார், அது உண்மை. மரத்துக்கு என்ன ஆகுதுன்னு அவர்கிட்ட ஈரமானி இருந்தா பாத்துச் சொல்லச் சொல்லுங்க.

பார்வதிபுரம் ஓய்வுபெற்ற பொறியாளர்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் காகிதத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை வைத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்தில் போய் நிற்கும். 80 என்றால் 16க்குக் கொஞ்சம் குறைவு. 70 என்றால் 13. 50 என்றால் 9. நீங்கள் ரெண்டு வருஷம் அடுக்கிப் போட்டாலும் பத்து வருஷம் போட்டாலும் இதுதான். ஐப்பசியில் நீங்கள் இழைத்த பிலாவில் 17, 18 சதவீதம் இருந்திருக்கும். மதுரையில் ஏசி அறையில் அது 10க்கு இறங்கியிருக்கும். தேக்கு மாதிரி அடங்கின மரத்துக்கே ஒரு சதவீதம் ஈரம் குறைந்தால் குறுக்குவாட்டில் ஆயிரத்தில் 2 பங்கு சுருங்கும். 3 அடிப் பலகைக்கு 7, 8 சதவீதம் இறங்கினால் 12 மில்லிமீட்டருக்கு மேல். பலகை சுருங்க இடமில்லாமல் கட்டப்பட்டிருந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

சரி, தரையைச் சூடாக்கினால்? மழை நாளில் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை 32க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 67க்கு வரும். மரம் 12க்கு இறங்கும். கொள்கை அளவில் உங்கள் மச்சினன் சொன்னது தப்பே இல்லை. ஆனால் நீங்கள் 32 டிகிரியில் அந்தப் புழுக்கத்தில் இழைப்புளி தள்ள வேண்டும்.

அடுத்தது, உங்கள் அறையின் காற்று சுமார் 100 கிலோ. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்று மாறினால் 5 டிகிரி ஏற்ற 140 வாட் போதும். ஆனால் மரத்தூள் போக நீங்கள் கதவு ஜன்னலைத் திறந்து வைப்பீர்கள். ஓட்டுக் கூரை வேறு, அதற்கு நூறு மூக்கு. மணிக்கு 10 தடவை காற்று மாறும் என்றால் 1400 வாட் காற்றோடு போய்விடும். ஓடும் சுவரும் தின்பது தனி. நாள் முழுக்க ஓட்டினால் 33 யூனிட். தரையிலிருந்து அறைக்கு ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் கிளம்பும். உங்கள் 28 சதுர மீட்டருக்குத் தரை அறையைவிட 5 டிகிரி கூட இருக்க வேண்டும், அதாவது 37. கருங்கல்காரர் சொன்ன 29ஐ எப்போதோ தாண்டியாயிற்று. நீங்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரா, நின்று செய்கிறவரா என்று தெரியவில்லை. உட்கார்ந்து என்றால் நான் மேலே எழுதத் தேவையில்லை.

சோலார் ஹீட்டர் 200 லிட்டரை 30 டிகிரி ஏற்றினால் ஒரு நாளைக்கு 7 யூனிட் சூடு கிடைக்கும். அதுவும் வெயில் இருந்தால். உங்களுக்குச் சூடு வேண்டியதே வெயில் இல்லாத நாளில்தானே? பங்குனியில் தொட்டி நிறையக் கொதிக்கும், ஐப்பசியில் பச்சைத் தண்ணீராக இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய பட்டறைத் தரையில் ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் ஷீட்டை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

தோவாளைத் தம்பி:

எனக்கு ஒரு ஐடியா. சூட்டுக்குப் பதிலா கிணத்துத் தண்ணியை அந்தக் குழாயில ஓட்டினா வெயில் காலத்துல தரை ஜில்லுன்னு இருக்குமே? ரெண்டுக்கும் ஆகும்ல.

பார்வதிபுரம் ஓய்வுபெற்ற பொறியாளர்:

நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரே 27, 28 டிகிரி இருக்கும் தம்பி. அதை ஓட்டி என்ன ஜில்? ஐஸ் போட்டு 20க்குக் கொண்டுவந்தால் ஜில்லென்று இருக்கும், ஆனால் மழைக்காலக் காற்று 25 டிகிரியிலேயே பனிக்க ஆரம்பித்துவிடும். தரை முழுக்க வேர்க்கும். தச்சனுக்கு அதைவிடக் கெட்ட தரை கிடையாது. சும்மா இருக்கும்போதே குளிர்ச்சியான தரை வேண்டும் என்றால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் அந்தக் கறுப்புத் தரையில் காலை வைத்துப் பாருங்கள். குழாயும் இல்லை, பம்பும் இல்லை.

குலசேகரம் பால்வெட்டு:

ஆசாரியாரே, நான் படிச்சவன் இல்ல, ரப்பர் தோட்டம் ஒண்ணரை ஏக்கர் வச்சிருக்கேன். எல்லாரும் குழாய், கனடான்னு பேசுதீங்க. நான் ஒண்ணு கேக்கேன். தரைக்கு அடியில சூடு போடுறது நம்ம ஊருக்குப் புதுசா? எங்க புகைப்புரை என்னதாம்?

தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். பால் வெட்டி, உறைய வச்சு, ரோலர்ல குடுத்து ஷீட் எடுத்தா அது வெள்ளையா ஈரமா இருக்கும். அதை வெளிய ஒரு நாள் தொங்கப்போட்டு, பிறகு புகைப்புரையில ஏத்துவோம். அடுப்பு வெளியில இருக்கும். விறகு, சிரட்டை, தேங்காய்த் தொண்டு எல்லாம் அங்கதான் எரியும். சூடும் புகையும் தரைக்கு அடியில உள்ள குழி வழியாப் போய் அறைக்குள்ள ஏறும். 40ல ஆரம்பிச்சு 60 டிகிரி வரைக்கும், நாலு நாள்ல ஷீட் தேன் நிறத்துல கண்ணாடி மாதிரி வந்துரும். மழை எவ்வளவு பெஞ்சாலும் புகைப்புரைக்குள்ள ஈரம் நிக்காது. எங்க அப்பா காலத்துல இருந்து இதுதான்.

நான் சொல்ல வாறது என்னன்னா, வீட்டையே புகைப்புரை ஆக்கிட்டு நாங்க உள்ள இருந்து சோறு திங்க மாட்டோம். சின்னதா ஒரு அறை, அதுக்குள்ள சூடு. நீரும் பட்டறையைச் சூடாக்காதேயும். மரம் கெடக்க ஒரு மூலையை மட்டும் அடைச்சு அதைச் சூடாக்கும். 6க்கு 8 அடி போதாதா?

எட்மன்டன் கருங்கல்காரன்:

குலசேகரம் அண்ணன் சொன்னதுதான் இந்தத் திரியிலேயே உருப்படியான பேச்சு. நான் குழாய்க்கு மைல் கணக்கா எழுதிட்டேன், இது தோணவே இல்லை பாருங்க. எங்க வீட்டுலயும் சின்ன வயசுல ஷீட்டு அடிச்சிருக்கோம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ரப்பருக்கு 60 ஆகும், மரத்துக்கு ஆகாது. கனமான பலகையை அவ்வளவு சூட்டுல வெச்சா மேல்தோல் காஞ்சு இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கும், பிறகு உள்ளுக்குள்ள வெடிக்கும். 35, 40 டிகிரியில நிதானமாப் போங்க. புகையை நேரா மரத்து மேல விடாதீங்க. மரத்தூள் இருக்கிற இடத்துல அடுப்பு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அந்த மேசையை அடிச்சட்டத்தோட எப்படிப் பிடிச்சீங்க?

வேர்க்கிளம்பித் தச்சன்:

நாலு நாள் கழிச்சு வாறேன், மன்னிக்கணும். எல்லாருக்கும் ஒவ்வொண்ணா.

பொறியாளர் சார், நீங்க சொன்னபடி ஷீட்டு ஒட்டுனேன். சாயங்காலம் 5 மணிக்கு ஒட்டி மறுநாள் காலையில 9 மணிக்கு எடுத்தேன். இது பங்குனி மாசம் சார், மழை பெஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஷீட்டுக்கு அடியில முத்து முத்தாத் தண்ணி. தரை கறுத்துப் போய் கெடந்தது, அந்தச் சதுரம் மட்டும். எங்க அய்யா காலத்துல போட்ட தரை, சரளை மண்ணு மேல நேரா சிமெண்டு. 30 வருசமா நான் வானத்தைத் திட்டிட்டு இருந்தேன், தண்ணி கீழ இருந்து வந்துட்டு இருந்திருக்கு. அந்தத் தரையில கல்லு வச்சுக் கூட இல்லாம, ரெண்டு இஞ்சு கட்டைக்கு மேலதான் பலகை அடுக்கியிருந்தேன்.

கையோட ஒரு ஈரப்பதமானியும் வாங்கினேன். ராத்திரி 82, மத்தியானம் 64 காட்டுது. மழை இல்லாத மாசத்துலயே இப்படி.

கருங்கல் தம்பி, கோவம் எல்லாம் இல்ல. நாலு பக்கமும் திருகாணி போட்டு அசையாம இறுக்கித்தான் பிடிச்சேன். அசைஞ்சா மேசை ஆடுமேன்னு ரெண்டு திருகாணி கூடவே போட்டேன். எங்க அய்யா கதவுக்குக் காடி எடுத்துப் பலகையை ஒட்டாமத்தான் விடுவார், "அது மூச்சு விடணும்லே"ன்னு சொல்லுவார். கதவுக்கு நானும் அப்படித்தான் செய்யுதேன். மேசைக்கு ஏன் தோணலன்னு தெரியல. மேசை எல்லாம் எங்க அய்யா செஞ்சதில்ல, அதான் போல.

சார், நான் நின்னும் செய்வேன், உளி வேலைன்னா தரையில உக்காந்துதான். 37 டிகிரி தரையை மனசுல நினைச்சுப் பாத்துட்டு மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் ஷெட்டுல ஈரப்பதம் 24 காட்டுதாம். "அத்தான், எனக்கும் ஒரு பெட்டி வெடிச்சிருக்கு, நான் சொல்லல"ன்னான்.

குலசேகரம் அண்ணாச்சி, உங்க யோசனைதான் புடிச்சிருக்கு. மேக்கு மூலையில 6க்கு 8 அடி அடைச்சு ஒரு அறை. அதுக்கு மட்டும் குழாய் போட்டா என்ன சார்? 48 சதுர அடிதானே.

பார்வதிபுரம் ஓய்வுபெற்ற பொறியாளர்:

போடலாம், ஆனால் தேவையில்லை. அந்த அறையை 8 அடி உயரத்தில் ப்ளைவுட் கூரை போட்டு, சுவரில் தெர்மோகோல் ஒட்டி, கதவுக்கு ரப்பர் பீடிங் வைத்து இறுக்கமாக அடையுங்கள். உள்ளே இருக்கும் காற்று 13 கிலோவுக்கு மேல் வராது. ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று, 250, 300 வாட் எடுக்கிற மாதிரிச் சின்னது, வையுங்கள். அது குடிக்கிற கரண்ட் முழுக்க அந்த அறைக்குள்ளேயே சூடாக மாறும். ஈரம் தண்ணீராக மாறும்போது விடுகிற சூடும் அங்கேயே. அறை தானாக 35க்கு ஏறும். 27 டிகிரி, 90 சதவீதக் காற்று 35க்குப் போனாலே 57 சதவீதம்தான். மரம் 10ல் வந்து நிற்கும். மதுரைக்குப் போகிற மரத்துக்கு அதுதான் வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். 10 கன அடிப் பலகை வைத்தால் காய்ந்த எடை 150 கிலோவுக்கு மேல். 18லிருந்து 11க்கு இறங்க 11 லிட்டர் தண்ணீர் வெளியே வர வேண்டும். அவசரப்படாதீர்கள், அதை 2, 3 வாரத்தில் எடுங்கள். மிஷினின் தண்ணீர்க் குழாயை வெளியே விட்டுவிடுங்கள், டப்பாவை நம்பினால் ராத்திரி நிரம்பி மிஷின் நின்றுவிடும். பலகைக்கு நடுவே முக்கால் இஞ்சுக் குச்சி, ஒரே நேர்கோட்டில். ஒரு சின்ன ஃபேன் ஓடட்டும்.

இப்போது முக்கியமான வேலை. காங்கிரீட்டுக்கு இன்னும் 8 நாள் இருக்கிறது அல்லவா? நிரப்பின மண்ணை 5 இஞ்சு வெட்டி எடுங்கள். அதில் 40 மில்லிமீட்டர் ஜல்லியைத் தூள் இல்லாமல் போட்டு இடியுங்கள். ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டி ஈரம் ஏறாது. மண் மட்டும் என்றால் விளக்குத் திரி மாதிரி இழுக்கும். மேலே ஒரு இஞ்சு எம்சாண்ட் பரப்பி, அதன்மேல் கட்டியான பாலித்தீன் ஷீட். ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடத்தில் ஒரு அடி ஏறிக் கிடக்கட்டும், டேப் ஒட்டுங்கள். சுவரோரம் தரை மட்டத்துக்கு மேலே வரும்வரை மடக்கி நிறுத்துங்கள். வெட்டுக்கல் தண்ணீர் குடிக்கிற கல், அதிலிருந்து ஸ்லாபுக்கு வரக் கூடாது. அப்புறம் 4 இஞ்சுக் காங்கிரீட். ஜல்லி போடும் முன் கரையானுக்கு மருந்து அடித்துவிடுங்கள். வெளியே சுற்றிலும் 2 அடிக்குச் சரிவாகத் தளம், ஓட்டுத் தண்ணீர் அதற்கு அப்பால் விழட்டும்.

புதுத் தரையிலும் ஈரம் இருக்கும். ஒரு இஞ்சுக்கு ஒரு மாதம் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. அதுவரை தரையோடு ஒட்டி மரம் அடுக்காதீர்கள், ஒரு அடி உயரத்தில் ரேக் அடியுங்கள். மழை முடிந்து வெயில் வரும் நாளில் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள், மழையில் சாத்துங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலையில் அந்தச் சாய்ந்த மரச்சட்ட ஜன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். சாரல் உள்ளே வராது, காற்று வரும். உங்கள் தொழில்தானே, நீங்களே செய்துவிடலாம்.

எட்மன்டன் கருங்கல்காரன்:

மேசைக்கு: அடிச்சட்டத்துல திருகாணி ஓட்டையை நீள்வட்டமா எடுங்க, குறுக்குவாட்டில 10 மில்லிமீட்டர் ஓடற மாதிரி. நடுவுல ஒரு திருகாணி மட்டும் இறுக்கம், மத்ததெல்லாம் வாஷர் போட்டு நகர விடுங்க. மேசை ஆடாது. மதுரை மேசையைத் திரும்ப எடுத்தா வெடிப்பு வழியாவே முழுசா அறுத்து, இழைச்சு, மறுபடி ஒட்டிடலாம். அகலம் ஒரு விரக்கடை குறையும், அவ்வளவுதான். மக்கு வெச்சு அடைக்காதீங்க, அடுத்த மழையில பிதுங்கி வெளிய வரும்.

வடசேரிக்காரன்:

நான் சொன்னதுதான் கடைசியில நடந்திருக்கு. காசு மிச்சம்.

வேர்க்கிளம்பித் தச்சன்:

வடசேரி அண்ணாச்சி, மிச்சம் எங்க? மண்ணு வெட்ட ரெண்டு ஆளு, ஜல்லி ஒரு லோடு, ஷீட்டு, டேப்பு. கொத்தனார் சிரிக்கார், "என்ன ஆசாரியாரே, தரைக்கு மழைக்கோட்டு போடுதீரா"ன்னு. போடுதேன்னு சொல்லிட்டேன். பெக்ஸ் குழாய் வாங்க வச்சிருந்த ரூபாயில ஈரம் உறிஞ்சுற மிஷினுக்குச் சொல்லியாச்சு.

நேத்து ஜல்லி போட்டு இடிச்சோம். இன்னிக்கு ஷீட்டு விரிச்சோம். என் மவ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து அதுல சறுக்கி விளையாடுதா, செருப்பைக் கழத்திட்டுப் போன்னு சொன்னேன், ஓட்டை விழுந்துரக் கூடாதேன்னு. திங்கக்கிழமை காங்கிரீட். மதுரைக்காரங்களும் மேசையைத் திருப்பி அனுப்பச் சம்மதிச்சுட்டாங்க, வண்டி வாடகை என் தலையில.

ஒரு சந்தேகம் சார். ஷீட்டு மேல காங்கிரீட் ஊத்துனா தண்ணி கீழ போகாதே, மேல வந்து நிக்காதா?

பார்வதிபுரம் ஓய்வுபெற்ற பொறியாளர்:

நிற்கும். அதனால் கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் சுலபமாக ஓடட்டும் என்று ஒரு குடம் கூட ஊற்றப் பார்ப்பார், பக்கத்தில் நில்லுங்கள். மேலே வந்த தண்ணீர் வற்றின பிறகுதான் தேய்க்க வேண்டும். அதன்மேல் சிமெண்ட் பொடி தூவித் தேய்த்தால் ஆறு மாதத்தில் தோல் உரியும். மறுநாளிலிருந்து 7 நாளாவது சாக்கு விரித்து நனைத்து வையுங்கள்.

குலசேகரம் பால்வெட்டு:

ஆசாரியாரே, அறை முடிஞ்சதும் சொல்லும். எங்க வீட்டு முன்வாசல் கதவு மழைக்கு அடைக்க முடியாது, வெயிலுக்குப் பூட்ட முடியாது. அயனிப் பலகை என்கிட்டயே கெடக்கு, போன வருசம் விழுந்த மரம். 10 கன அடி வரும். உம்ம அறைக்கு முதல் சரக்கா அதை ஏத்தலாமா?

வேர்க்கிளம்பித் தச்சன்:

கொண்டு வாங்க அண்ணாச்சி. ஆனி கழியட்டும், தரை காயணும்.